மருத்துவ அலட்சிய வழக்கு: வக்கீலைத் தேடும் முன் கேஸ் ஷீட்டை வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தவறான சிகிச்சையால் உயிர் போய்விட்டது என்று உறவினர்கள் மறியலில் உட்கார்ந்த செய்தியை நெல்லைப் பதிப்பில் அடிக்கடி வாசிக்கிறோம். தாசில்தார் வந்து பேசினார், கலைந்து போனார்கள் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அதன்பிறகு அந்தக் குடும்பம் "இதுக்கு நல்ல வக்கீல் யாரு?" என்று அம்பாசமுத்திரத்திலும் வள்ளியூரிலும் பாளையங்கோட்டையிலும் விசாரித்து அலைவது வெளியே தெரிவதில்லை. அந்த அலைச்சலில் வீணாகிற மாதங்களைப் பற்றியே இந்தக் கடிதம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 69-ஆவது பிரிவுப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் (நுகர்வோர் நீதிமன்றம்) மனு தாக்கலாக வேண்டும். போலீஸில் புகார் கொடுத்திருக்கலாம், மருத்துவ கவுன்சிலில் விசாரணை நடக்கலாம், வக்கீல் நோட்டீஸ் போயிருக்கலாம். இவை எதுவும் அந்த 2 ஆண்டுக் கணக்கை நிறுத்தாது. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டுதான். ஆனால் "விசாரணை முடியட்டும் என்று இருந்தோம்" என்ற ஒரு வரியை நம்பி வழக்கைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

உயிரிழப்பு என்றால் பிரேதப் பரிசோதனை செய்யாமல் உடலை வாங்காதீர்கள். துக்கத்தில் இது கொடுமையான பேச்சுதான். ஆனாலும் அறிக்கை இல்லாத வழக்கில், "இவருக்கு ஏற்கெனவே இருந்த இதய நோயால் இறந்தார்" என்று எதிர்த்தரப்பு சொன்னால் மறுக்க உங்கள் கையில் எதுவும் இருக்காது.

அடுத்தது ஆவணம். 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்; நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. முழு கேஸ் ஷீட் (மருத்துவமனை எழுதி வைக்கும் சிகிச்சைப் பதிவு), நர்ஸ் குறிப்பேடு, ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துச் சார்ட், ஒப்புதல் படிவம், லேப் ரிப்போர்ட், ஸ்கேன் பிலிம் அல்லது சி.டி., மருந்துக்கடை பில் அத்தனையும் வேண்டும். ஈ.சி.ஜி. தாளையும் மெஷினில் கிழித்துத் தருகிற பில்லையும் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். அது சூட்டில் அச்சாகும் தாள். பீரோவுக்குள் பாலிதீன் கவரில் கிடந்தாலும் எழுத்து மங்கி, வழக்கு நடக்கிற நேரத்தில் வெள்ளைத் தாளாகத்தான் இருக்கும்.

நினைவு மங்குமுன் ஒரு நோட்டில் நேர வரிசையும் எழுதுங்கள். "இரவு 11.40: ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று நர்ஸிடம் சொன்னோம். 12.20: மறுபடி சொன்னோம். 1.15: டூட்டி டாக்டர் வந்தார். உடன் இருந்தது சித்தி." இப்படி வரி வரியாக. இதை நர்ஸ் குறிப்பேட்டோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான், 11.40-க்கும் 1.15-க்கும் நடுவில் பிரஷர் பார்த்த பதிவு இருக்கிறதா இல்லையா என்பது தெரியும். இந்த மாதிரி வழக்குகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடைவெளியில்தான் நிற்கின்றன.

இனி வக்கீல். விபத்து வழக்கில் நஷ்டஈடு வாங்கிக் கொடுத்தவரிடமே இதையும் கொண்டுபோவது நம்ம பக்கத்து வழக்கம். இரண்டும் ஒன்றல்ல. விபத்தில் தவறு யார் பக்கம் என்பதற்கு போலீஸின் எஃப்.ஐ.ஆரும் சம்பவ இட மகஜரும் துணை நிற்கும். இங்கே, அதே துறையில் சராசரித் திறமையுள்ள மருத்துவர் என்ன செய்திருப்பார், இவர் எதைச் செய்யத் தவறினார், அதனால்தான் பாதிப்பு வந்ததா என்று மூன்றையும் நாமே நிறுவ வேண்டும். ஆகவே நுகர்வோர் ஆணையத்தில் மருத்துவ வழக்கு நடத்தியவரைத் தேடுங்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்யத் தடை இருப்பதால் விளம்பரத்தைப் பார்த்துப் போவதில் அர்த்தமில்லை. நல்ல வழி ஒன்று உண்டு. ஆணையங்களின் உத்தரவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. இருதரப்பு வக்கீல் பெயரும் முதல் பக்கத்திலேயே இருக்கும். மருத்துவ வழக்குகளில் மனுதாரருக்காக வாதாடியவர் யார், எப்போதும் மருத்துவமனைக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ ஆஜராகிறவர் யார் என்பது பத்து உத்தரவு படித்தாலே பிடிபட்டுவிடும். இரண்டாவது வகையினரிடம் கேஸ் ஷீட்டைக் காட்டும் முன், எதிர்த்தரப்போடு தொடர்பு உண்டா என்று நேராகவே கேளுங்கள்.

முதல் சந்திப்பில் வக்கீல் என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். சம்பவத் தேதியைக் கேட்டு, கேஸ் ஷீட்டைக் கேட்டு, "படிக்காமல் சொல்ல முடியாது, சிகிச்சை பலிக்காதது மட்டுமே அலட்சியம் ஆகாது" என்று சொல்கிறவர் தொழில் தெரிந்தவர். பேப்பரைத் தொடாமலே "50 லட்சம் வாங்கிரலாம்" என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவது பார் கவுன்சில் விதிக்கே விரோதம். 2017-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. மனு எழுத, விசாரணை நடத்த, நிபுணர் கருத்து வாங்க, மேல்முறையீடு வந்தால் மாநில ஆணையத்தின் கிளை இருக்கும் மதுரைக்குப் போய்வர என்று தனித்தனியாகப் பேசி எழுதி வாங்குங்கள். வக்காலத்தில் (உங்களுக்காக வாதாட அதிகாரம் தரும் தாள்) கையெழுத்துப் போடலாம், வெற்றுத் தாளில் கூடாது.

எங்கே வழக்குப் போடுவது என்பதிலும் பழைய சட்டத்தை நினைத்துக்கொண்டு தவறாகச் சொல்பவர்கள் உண்டு. திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ சிகிச்சை பெற்றிருந்தாலும், மனுதாரர் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம்தான், கேட்கும் நஷ்டஈடு எவ்வளவானாலும். கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே கிடையாது. பில்லைக் காப்பீட்டு நிறுவனம் கட்டியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான்.

எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைச் சிகிச்சை பற்றிய குறை என்றால் உரிமையியல் நீதிமன்றம் அல்லது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. உயர் நீதிமன்றம் என்றால் ரிட் (அரசுத் தரப்புக்கு எதிராக அங்கே போடும் மனு) நடத்திப் பழகிய வக்கீல் தேவை. ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம்.

பலர் சிக்கிக்கொள்வது நிபுணர் கருத்தில்தான். உள்ளூர் மருத்துவர், இன்னொரு உள்ளூர் மருத்துவரைப் பற்றி எழுதித் தரத் தயங்குவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வேறு மாவட்டத்தில் அதே துறையில் ஓய்வு பெற்ற பேராசிரியரை அணுகுங்கள், அல்லது மருத்துவக் குழுவின் கருத்தைக் கேட்குமாறு ஆணையத்திடமே மனுச் செய்யச் சொல்லுங்கள். வயிற்றுக்குள் பஞ்சை விட்டுத் தைத்தது போலத் தவறு தானாகவே தெரிகிற வழக்குக்கு நிபுணர் கட்டாயமில்லை. எல்லா வழக்குக்கும் நிபுணர் கருத்து வேண்டும் என்பதில்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது.

வக்கீலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் கெடுவைத் தவறவிட்டால் அவர்மீது நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பார் கவுன்சில் புகாரும் சிவில் வழக்கும்தான் மிச்சம். ஆகவே மனு எண்ணை வாங்கி, வாய்தாத் தேதியை இணையத்தில் நீங்களே பார்த்து வாருங்கள். பிடிக்காமல் வேறு வக்கீலிடம் போனால், ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமையில்லை. அசல்களை எப்போதும் வீட்டில் வையுங்கள், அவருக்கு நகல் போதும். ஆணையம் கேட்கும்போது கொண்டுபோய்க் காட்டலாம்.

காசில்லை என்று ஒதுங்கிவிடவும் வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். தொலைபேசி எண் 15100. மறியல் செய்தியின் அடியில் இந்த எண்ணையும் 2 ஆண்டுக் கெடுவையும் இரண்டு வரியில் தாங்கள் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நுகர்வோர் நலத் தன்னார்வலர்கள்,
பாளையங்கோட்டை.