பிரண்டைக் கைப்பிடி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. மகன் வேலை மாறியதைப் பற்றி நீ எழுதியதைவிட எழுதாமல் விட்டதுதான் அதிகம் போலிருக்கிறது. அதை நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

மண்ணில் டபரா செட் செய்து தர முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும், ஆனால் செய்ய மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. டம்ளரின் விளிம்பு மெல்லிசாக வெளிப்பக்கம் மடிந்திருப்பதால்தான் தூக்கி ஆற்றும்போது காபி சிந்தாமல் இறங்குகிறது. மண்ணை அவ்வளவு மெல்லிசாக இழுத்தால் பாத்திரம் கழுவும்போது குழாயில் ஒரு இடி, விளிம்பில் ஒரு சில்லு போய்விடும். தடிமனாக வைத்தாலோ காபி தாடையில் வழியும். பித்தளைக்கென்றே அமைந்த வடிவம் அது. அதை ஏன் மண்ணில் நகல் எடுக்க வேண்டும்?

நான் இப்போது கூஜா செய்துகொண்டிருக்கிறேன், டீ ஊற்றுவதற்கு. உடம்பு ஸ்டோன்வேர் மண், அதாவது கடும் சூட்டில் சுட்டால் கல் போல இறுகும் மண்; மேலே வளைந்து நிற்கும் கைப்பிடி வெண்கலம். அந்தக் கைப்பிடியின் வடிவம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பின்பக்கத்து வேலியில் படர்ந்து கிடக்கும் பிரண்டையிலிருந்து. துவையலுக்காகப் பறிக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்வோமே, அதே அரிக்கிற பிரண்டைதான். ஒரு துண்டை நறுக்கிப் பிடித்துப் பார். நாலு பட்டை. கணுவுக்குக் கணு சட்டென்று ஒடுங்கி மறுபடி அகலும். இரண்டு கணுவுக்கு நடுவே நாலு விரலும் அடங்கிவிடும், ஒடுக்கம் கையை நகரவிடாது. பட்டையின் ஓரங்கள்தான் தோலில் படுகின்றன, நடுப்பள்ளம் படுவதில்லை. அதனால் சூடும் குறைவாகவே ஏறுகிறது. கைப்பிடி செய்பவர்கள் யோசித்து யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியது எல்லாம் வேலியில் சும்மா தொங்குகிறது.

இயற்கையிலிருந்து எடுத்தது என்று சொல்லி, தட்டில் ஒரு இலையை அழுத்தி எடுத்து விற்கிறார்கள். பார்க்க அழகுதான், நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த இலைக்குத் தட்டில் ஒரு வேலையும் இல்லை, நரம்பு இடுக்கில் குழம்பைப் பிடித்து வைப்பதைத் தவிர. செடியின் முகத்தை எடுத்து ஒட்டுவதில் எனக்கு ஆசை போய்விட்டது. அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து எடுத்துக்கொள்ளத்தான் பிடிக்கிறது.

வார்ப்பு வேலைக்குச் சுவாமிமலைப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போகிறேன். நிஜப் பிரண்டையையே அச்சுக்குள் வைத்து எரித்துவிடலாமா என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார். “அது தண்ணிக் கொடிம்மா, சூட்டுல கொதிச்சு அச்சையே உடைச்சிடும். மெழுகுல பண்ணுங்க.” தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு அது. கையில் வைத்துப் பிசையப் பிசைய இளகுகிறது, நிழலில் வைத்தால் இறுகிவிடுகிறது. உருவம் செய்து முடித்ததும் அதன்மேல் காவிரி வண்டல் பூச்சு. முதல் பூச்சுக்கு அவ்வளவு நைசான மண், மெழுகில் பதிந்த என் கைரேகைகூட அதில் இறங்கிவிடும். அப்புறம் கரடு மண், கம்பிக் கட்டு. மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், ஆகவே ஒரு அச்சுக்கு ஒரே கைப்பிடி. சாமி சிலை வார்க்கிற கைகளிடம் டீ கூஜாவுக்குக் கைப்பிடி கேட்க எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. பெரியவருக்கு அப்படி எதுவும் இல்லை. சிலைக்குத் தென்னை ஓலையை மடித்து அளவு பிரிப்பது போலவே, என் கூஜாவில் கைப்பிடி மாட்டும் இரண்டு காதுக்கும் இடைவெளியை ஓலை வைத்து அளந்துகொண்டார்.

அளவுதான் இதில் பெரிய தலைவலி. மண் காய்ந்து வெந்து முடிவதற்குள் எட்டில் ஒரு பங்கு போலச் சுருங்கிவிடுகிறது. சூளை 1280 டிகிரி வரை போகும், வெண்கலமோ 1000 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். எனவே இரண்டையும் சேர்த்துச் சுட வழியில்லை. பானை வெந்து வந்த பிறகுதான் கைப்பிடிக்கே அளவு எடுக்க முடியும். அதோடு முடிந்ததா? கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் வெண்கலம் மண்ணைவிட மூன்று மடங்கு விரியும். காதுத் துளையில் இறுக்கமாகப் பொருத்தினால் காது பிளந்துகொள்ளும். அதனால் துளையைக் கொஞ்சம் தளர்வாகவே வைக்கிறேன், தூக்கும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் வரும். சென்னையில் ஒரு கடையில், “ஆடுதே மேடம், டைட் பண்ணிக் கொடுங்க” என்று திருப்பி அனுப்பினார்கள். பிரியாணி அண்டாவின் வளையம் ஆடினால் யாரும் கேட்பதில்லை!

மேல்பூச்சுக்குச் சவுக்குச் சாம்பல். சூளையில் எரித்த கட்டையின் சாம்பலையே கழுவிச் சலித்து, ஃபெல்ட்ஸ்பார் என்கிற கல்லின் பொடியும் களிமண்ணும் சேர்த்துப் பூசுகிறேன். சூட்டில் அது உருகி வழிந்து, மேடான இடத்தில் பழுப்பாகவும் தேங்கிய இடத்தில் பாசிப் பச்சையாகவும் நிற்கும். பாண்டியில் இந்த ஸ்டோன்வேர் வேலைக்குத் தொடக்கம், ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் ஆரம்பித்த கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. இந்தப் பக்கத்தில் பானை செய்கிற பலரும் அங்கே கற்றவர்கள், அல்லது அங்கே கற்றவரிடம் கற்றவர்கள். நான் இரண்டாவது ரகம்.

சரி, ஒரு அவசர விஷயம். அம்மா வீட்டைக் காலி செய்யப்போவதாகக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். பரணில் ஒரு பித்தளைக் கூஜாவும் மூக்கு வைத்த கெண்டியும் இருக்குமே, அவற்றை எடைக்குப் போட்டுவிடாதே. பழைய பாத்திரக்காரர் என்ன விலை சொல்கிறாரோ அதை நானே தருகிறேன். கூஜாவின் கைப்பிடியைக் காதில் எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்று கிட்டே வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, உள்பக்கமும் சேர்த்து. அடுத்த சூளை பொங்கல் கழிந்துதான். அதற்குள் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
உன் பக்கத்து பெஞ்சுக்காரி