ஷ்ரூஸ்பரியைத் தாண்டிப் போய்விட்டீர்களே!

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரையைப் படித்தேன். லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, ஸ்ட்ராட்ஃபோர்டு, அப்புறம் நேராக வடக்கே ஏரிகள் இருக்கும் பக்கம் என்று போய்விட்டது. எல்லாம் நல்ல இடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஷ்ரூஸ்பரி என்ற பெயரே அதில் இல்லாதது எனக்கு வருத்தமாக இருந்தது. பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து பர்மிங்ஹாம் பக்கம் மாதக்கணக்கில் தங்கும் அம்மா அப்பாக்கள் உங்கள் வாசகர்களில் நிறையப் பேர். லண்டனை ஒரு தடவை சுற்றிக் காட்டியதும் அவர்களை வேறு எங்கே கூட்டிப் போவது என்று பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. பர்மிங்ஹாமில் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஷ்ரூஸ்பரி.

ஷ்ராப்ஷயர் என்ற மாவட்டத்தின் தலைநகர் இது. பிரிட்டனிலேயே நீளமான செவர்ன் ஆறு ஊரை ஏறக்குறைய முழுவதுமாக வளைத்துக்கொண்டு ஓடுகிறது, ஒரே ஒரு பக்கம்தான் ஆறு குறுக்கிடாத தரைவழி, அந்தக் குறுகலான இடத்தில்தான் கோட்டையும் ரயில் நிலையமும் அருகருகே இருக்கின்றன. உள்ளே நுழைந்தால் மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள், மாடிகள் தெருவின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும், நடுநடுவே ‘ஷட்’ என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் ஒடுக்கமான சந்துகள். சட்டப்படி பாதுகாக்கப்படும் கட்டடங்கள் மட்டும் 600க்கு மேல். சார்லஸ் டார்வின் 1809இல் பிறந்தது இங்கேதான். அவர் படித்த பள்ளியின் பழைய கட்டடம் இப்போது பொது நூலகம், வாசலில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சிலை இருக்கிறது.

வீட்டில் சிவில் படித்த பிள்ளைகள் இருந்தால் ஊர் மையத்திலிருந்து அரை மணி நேரம் நடந்து ஃபிளாக்ஸ்மில் மால்டிங்ஸுக்குக் கட்டாயம் அழைத்துப் போங்கள். ஆளி நாரில் நூல் நூற்ற ஆலை அது. அந்தக் காலத்து ஆலைகளில் தூணும் உத்தரமும் தளமும் மரம், பஞ்சுத் தூசியும் எண்ணெயும் விளக்குச் சுடரும் பக்கத்தில் பக்கத்தில், அதனால் அடிக்கடி தீப்பிடித்து ஆலையே எரிந்துபோகும். அதற்கு வழி தேடித்தான், மது வியாபாரமும் பார்த்துவந்த சார்லஸ் பேஜ் என்பவர் மரத்தை விலக்கி, வார்ப்பிரும்புத் தூண், வார்ப்பிரும்பு உத்தரம், இடையில் செங்கல் வளைவு என்று ஐந்து தளங்களை வடிவமைத்தார். 1797இல் வேலை முடிந்தது. உலகத்தில் முழுக்க இரும்புச் சட்டத்தின் மேல் எழுந்த முதல் கட்டடம் அதுதான். பிறகு 1987 வரை மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, தயாரிக்கும் இடமாக ஓடி, மூடி, சிதிலமாகி, செப்பனிட்டு 2022இல்தான் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். இன்றைக்கு நாம் குடியிருக்கும் அடுக்குமாடிகளுக்கெல்லாம் முன்னோடியான தூண்களை நேரில் பார்ப்பது சின்ன விஷயம் இல்லை.

சரி, நான் முக்கியமாக எழுத வந்தது வேறு. ஊர் நடுவே உள்ள சதுக்கத்தில், 1596இல் கட்டிய பழைய சந்தை மண்டபத்தின் அருகே, ராபர்ட் கிளைவின் வெண்கலச் சிலை நிற்கிறது. ஆமாம், 1751இல் ஆர்க்காட்டைப் பிடித்து முற்றுகையைத் தாக்குப்பிடித்த அதே கிளைவ், 1753இல் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்ட அதே கிளைவ். இந்த ஊருக்கு 1761 முதல் சாகும்வரை நாடாளுமன்ற உறுப்பினர், 1762இல் மேயர். இந்தியாவில் சேர்த்த செல்வம் இல்லாமல் அவருக்கு அந்தப் பதவிகள் கிடைத்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். 2020இல் சிலையை எடுக்கச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள், ஆனால் அது அங்கேயே இருக்கட்டும் என்று கவுன்சில் முடிவெடுத்தது. அந்த வாக்குவாதத்தில் ஆர்க்காட்டுக் கோட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நம்மவர்கள் அங்கே போய் நின்று பார்க்க வேண்டும், கூட வரும் பேரப்பிள்ளைகளுக்கு நம் பக்கத்துக் கதையைச் சொல்ல வேண்டும்.

கதை அதோடு முடியவில்லை. ஷ்ரூஸ்பரியிலிருந்து மேற்கே ரயிலில் அரை மணிக்குள் வெல்ஷ்பூல், எல்லை தாண்டி வேல்ஸ் வந்துவிடும், அங்கிருந்து நடக்கிற தூரத்தில் போவிஸ் கோட்டை. கிளைவின் மகன் எட்வர்ட் அந்தக் கோட்டைக்காரக் குடும்பத்துப் பெண் ஹென்ரியட்டாவைக் கட்டியதால் கிளைவ் வீட்டுச் சொத்துகள் அங்கே போய்ச் சேர்ந்தன. திப்பு சுல்தானின் கூடாரம், அவருடைய சிம்மாசனத்தை அலங்கரித்த தங்கப் புலித்தலை, எல்லாம் அங்கேதான். இந்த எட்வர்ட் 1798 முதல் 1803 வரை சென்னையின் கவர்னர். அந்த ஐந்து வருஷத்தில் நம் மண்ணில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள்: 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்தார், அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள், 1801இல் ஆர்க்காட்டு நவாபின் சீமை முழுக்கக் கம்பெனி கைக்குப் போனது, அதே வருஷம் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். கவர்னரின் மனைவியோ 1800இல் மகள்களோடு ஸ்ரீரங்கப்பட்டணம், திருச்சி, தஞ்சை என்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றால் அழகு மட்டும் கண்ணில் படாது. எனக்குக் கோபமும் வந்தது, விட்டுவிட்டு நகரவும் முடியவில்லை.

இன்னும் இருக்கிறது. கிழக்கே ராக்ஸிட்டரில் ரோமானியர் காலத்து நகரத்தின் இடிபாடு, ஒரு சுவர் இன்றும் ஓங்கி நிற்கிறது. கார் இருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் அயர்ன்பிரிட்ஜ். 1779இல் செவர்ன் மேல் நிறுத்திய வார்ப்பிரும்புப் பாலம், துண்டுகளை மரத்தச்சர் பொருத்துகிற மாதிரியே பொருத்தியிருக்கிறார்கள். சுங்கச் சாவடியில் கட்டணப் பலகை இன்னும் இருக்கிறது, அரச குடும்பமானாலும் காசு கொடுத்துத்தான் போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது.

ஆகவே, ஷ்ரூஸ்பரிக்கென்று தனியாக ஒரு கட்டுரை போடுங்கள், கிளைவையும் போவிஸையும் அதில் விட்டுவிடாதீர்கள். ஒரே நாளில் எல்லாம் முடியாது, இரண்டு நாளாவது வேண்டும் என்று எழுதுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வைல் காப் தெரு நல்ல ஏற்றம் என்பதையும், போவிஸுக்குக் கிளம்புமுன் அது திறந்திருக்கும் நாள்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகி,
பர்மிங்ஹாம்