மூன்று தாவல்களைக் கெட்டிப்படுத்துங்கள்: அமெரிக்க ஃபிகர் ஸ்கேட்டிங் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருக்கும் அமெரிக்க ஃபிகர் ஸ்கேட்டிங் சங்கத்தின் நிர்வாகிகளுக்கும், தேர்வுக் குழுவினருக்கும், ஜோடிப் பிரிவுப் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் நாட்டு ஜோடிகளைப் பல ஆண்டுகளாக விடாமல் பார்த்துவரும் ரசிகன் நான். ஆண்கள், பெண்கள், ஐஸ் டான்ஸ் மூன்றிலும் உலகமே அமெரிக்காவை அண்ணாந்து பார்க்கிறது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து தூக்கியும் தாவியும் ஆடும் ஜோடிப் பிரிவு என்று வந்ததும், 'கீழே விழாமல் முடித்தால் போதும்' என்று உங்கள் ரசிகர்களே சொல்லிப் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கம் எனக்குப் பொறுக்கவில்லை. குறை எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், அதைச் சரிசெய்யவும் முடியும் என்று நம்புவதால்தான் எழுதுகிறேன்.

இருவரும் ஒருவரையொருவர் தொடாமல், பக்கத்தில் பக்கத்தில், ஒரே நொடியில் எழும்பி ஒரே நொடியில் இறங்கும் தாவலைத்தான் சொல்கிறேன். இந்த மடலில் அதை இணைத் தாவல் என்கிறேன். முதலில் ஆடும் குறுகிய ஆட்டமான ஷார்ட் புரோகிராமில் ஒன்று, அடுத்து ஆடும் நீண்ட ஆட்டமான ஃப்ரீ ஸ்கேட்டில் தனியாக ஒன்று, அடுத்தடுத்துத் தாவும் தொடராக ஒன்று: ஒரு போட்டியில் மொத்தம் மூன்றே வாய்ப்புகள். தலைக்கு மேல் தூக்கும் லிஃப்ட் உங்கள் ஜோடிகளிடம் நன்றாக இருக்கிறது. மேலே வீசிச் சுழலவிட்டுப் பிடிக்கும் ட்விஸ்ட், ஆண் வீசப் பெண் சுழன்று இறங்கும் த்ரோ ஜம்ப், கையைப் பிடித்துப் பனியை ஒட்டிச் சுழலும் டெத் ஸ்பைரல் எதிலும் அவர்கள் யாருக்கும் பெரிதாகச் சளைத்தவர்கள் அல்ல. ஆண்டுக்கு ஆண்டு கையை விட்டு நழுவுவது இந்த மூன்று தாவல்கள்தான்.

முதலில் புள்ளிக் கணக்கைப் பாருங்கள். சால்கோவ், டோ, ஆக்ஸல் என்பவை தாவல் வகைகள், ட்ரிபிள் என்றால் மூன்று சுற்று. ட்ரிபிள் சால்கோவின் அடிப்படை மதிப்பு 4.30. இருவரும் சுத்தமாக இறங்கி, தாவலின் தரத்துக்கு −5 முதல் +5 வரை மதிப்பிடும் நடுவர்கள் சராசரியாக +2 கொடுத்தால் 5.16 கிடைக்கும். ஒருவர் விழுந்து −5 வாங்கினால் 2.15 மிஞ்சும், விழுந்ததற்குத் தனியாக ஒரு புள்ளி போகும், ஆகக் கையில் நிற்பது 1.15. விழவே வேண்டாம். ஒருவர் மூன்று சுற்று சுற்றி, மற்றவர் பாதியில் திறந்துகொண்டு இரண்டோடு இறங்கினாலும் போதும். குறைந்த சுற்று எதுவோ அதுதான் கணக்கில் ஏறும், 4.30 அப்படியே 1.30 ஆகிவிடும். அழகாகத் தாவியவரின் உழைப்பு காகிதத்தில் எங்கும் இராது.

தொடரில் அடி இன்னும் பலம். 2022-23 பருவத்திலிருந்து தொடர்த் தாவல்களுக்கு முழு மதிப்பும் கிடைக்கிறது. ட்ரிபிள் டோ, டபுள் ஆக்ஸல், இன்னொரு டபுள் ஆக்ஸல் என்று கோத்தால் அடிப்படையே 10.80. முதல் தாவலிலேயே ஒருவர் விழுந்து தொடர் அறுந்தால் மிஞ்சுவது ஒரு புள்ளியும் சொச்சமும். பத்து நொடிக்குள் கிட்டத்தட்ட பத்துப் புள்ளி போய்விடுகிறது.

பத்துப் புள்ளி என்பது இந்த விளையாட்டில் எவ்வளவு பெரியது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2023 உலகப் போட்டியில், சைதாமாவில், உங்கள் அலெக்ஸா நியரிமும் பிராண்டன் ஃப்ரேசியரும் ஜப்பானின் ரிகு மியுரா, ரியுய்ச்சி கிஹாராவிடம் தங்கத்தை இழந்தது 5 புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில். 2025 உலகப் போட்டியில் உங்கள் மண்ணிலேயே, பாஸ்டனில், தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்தது ஒரு புள்ளிகூட இல்லை.

இப்போது நிகழ்தகவுக்கு வருகிறேன். இதைத்தான் உங்கள் பயிற்சியாளர்கள் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு வீராங்கனை நூறு முறை தாவினால் 85 முறை சுத்தமாக இறங்குகிறார் என்று வையுங்கள். கேட்க நன்றாகவே இருக்கிறது. அவருடைய ஜோடிக்கும் அதே 85. இருவரும் சேர்ந்து ஒரே தாவலில் சுத்தமாக இறங்கும் வாய்ப்பு 72-தான். ஒரு போட்டியின் மூன்று வாய்ப்புகளிலும் இருவரும் தப்பாமல் இறங்கும் வாய்ப்பைக் கணக்கிட்டால் 38-க்குக் கீழே போய்விடுகிறது. அதாவது, பயிற்சியில் 'நன்றாகத்தானே தாவுகிறார்கள்' என்று எல்லோரும் சொல்லும் ஜோடி, மூன்று போட்டிக்கு ஒரு முறைதான் முழுச் சுத்தமாக ஆடும். அதே இருவரும் ஆளுக்கு 95-க்கு உயர்ந்தால், மூன்றும் சுத்தமாக அமையும் வாய்ப்பு 73-ஐத் தாண்டும். தனிநபர் பிரிவில் 85-க்கும் 95-க்கும் உள்ள இடைவெளி ஒரு படி. ஜோடியில் அது பதக்க மேடைக்கும் ஏழாம் இடத்துக்கும் உள்ள தூரம். உங்கள் ஜோடிகளுக்கு மேலும் கடினமான தாவல் தேவையில்லை, இருக்கும் தாவலில் அந்தப் பத்து சதவீதம்தான் தேவை என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் அமெரிக்க ஜோடிப் பிரிவின் ஆசை எப்போதும் பெரிய வித்தையின் மீதே இருந்திருக்கிறது. ரேனா இனோவே, ஜான் பால்ட்வின் ஜோடி 2006-இல் த்ரோ ட்ரிபிள் ஆக்ஸலைப் போட்டியில் முதன்முதலாகச் செய்து காட்டியது. வரலாறுதான், மறுக்கவில்லை. டோரினோ ஒலிம்பிக்கில் அவர்கள் முடித்தது 7ஆம் இடத்தில். அலெக்ஸாவும், ஃப்ரேசியருக்கு முன் அவருடைய ஜோடியாக இருந்த கிறிஸ் நியரிமும் நான்கு சுற்று ட்விஸ்ட்டுக்குப் பெயர் எடுத்தார்கள். 2018 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குக் கிடைத்த ஒரே ஜோடி இடத்தில் ஆடிய அவர்களுக்கு 15ஆம் இடம். மறுபக்கம் மியுராவும் கிஹாராவும் உலகை வென்றது எந்த இணைத் தாவல்களை வைத்து? டோ, சால்கோவ், டபுள் ஆக்ஸல். ட்ரிபிள்களில் மதிப்புக் குறைந்த இரண்டும் டோவும் சால்கோவும்தான். ஆனால் வேகம் குறையாமல், ஒரே தாளத்தில், ஃப்ரீ ஸ்கேட்டின் அழுத்தத்திலும் இறங்குகிறார்கள்.

பனித்தளத்தின் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து ஆறு நிமிட வார்ம்-அப்பைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். நான்கு ஜோடிகள் ஒரே தளத்தில் சுற்றுகின்றன. ட்ரிபிள் டோவுக்குப் பின்னோக்கி வரும்போது இருவருக்கும் இடையே ஒன்றரை ஆள் இடைவெளி இருக்கும். பார்வை நேரே இருந்தாலும் காது மற்றவரிடம் இருக்கும். பிளேடின் முன்பல் பனியில் குத்தும் சத்தம் ஒரே 'டக்' என்று கேட்டால் பெரும்பாலும் தாவல் பிழைத்துவிடும். 'ட-டக்' என்று இரண்டாகக் கேட்டால், பின்தங்கியவர் காற்றில் அவசரப்படுகிறார் என்று அர்த்தம், தோள் சீக்கிரமே திறந்துகொள்ளும். தனியாகத் தாவினால் பிசகாத ஆள்கூடப் பிசகுவது இந்த இடத்தில்தான். அந்தக் கால் நொடியைச் சரிசெய்ய ஒரே ஆளோடு ஆண்டுக்கணக்கில் தாவ வேண்டும். வேறு வழி இல்லை.

உங்கள் நாட்டிலோ ஜோடி மாறுவது வாடிக்கை. ஃப்ரேசியர், ஹேவன் டென்னியோடு 2017-இல் தேசியச் சாம்பியன் ஆனவர். 2020 முதல் அலெக்ஸாவோடு. டேனி ஓஷே, டாரா கேனோடு 2016-இல் தேசியப் பட்டமும் 2018-இல் நான்கு கண்டப் போட்டியும் வென்றவர். பிறகு எல்லி காமோடு தொடங்கி 2024-இல் மீண்டும் தேசியச் சாம்பியன். காயம், ஓய்வு என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த 'டக்' ஆரம்பத்திலிருந்து கற்கப்படுகிறது. கீனா மெக்லாக்லின், ராக்னி புரூபேக்கர் ஜோடி 2007-இல் ஜூனியர் உலகப் பட்டம் வென்று, 2008, 2009 தேசியப் பட்டங்களையும் எடுத்துவிட்டுச் சில ஆண்டுகளுக்குள் பிரிந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. 2013-இல் டென்னி, ஃப்ரேசியர் வென்ற பிறகு ஜூனியர் உலகப் பட்டம் மீண்டும் அமெரிக்காவுக்கு வர 2023 ஆனது, சோஃபியா பாரம், டேனியல் தியூமென்ட்செவ் மூலம். அத்தகைய இளம் ஜோடி ஒன்று சேர்ந்திருக்க என்ன உதவி வேண்டுமோ அதைச் செய்யுங்கள். பயிற்சிச் செலவு, தங்குமிடம், சண்டை வந்தால் பேசித் தீர்க்க ஓர் ஆள், எதுவாக இருந்தாலும் சரி.

குடியுரிமையும் இதே கணக்கில் சேர்ந்ததுதான். பாஸ்டன் 2025-இல் அலிசா எஃபிமோவா, மீஷா மித்ரோஃபனோவ் ஜோடி 6ஆம் இடம், காம், ஓஷே ஜோடி 7ஆம் இடம். உள்ளூர் ரசிகர்களோடு நானும் நிமிர்ந்து உட்கார்ந்த நாள் அது. ஆனால் எஃபிமோவாவுக்கு அமெரிக்கக் குடியுரிமை நேரத்தில் கிடைக்காததால் அந்த ஜோடியால் 2026 மிலான் ஒலிம்பிக்குக்குப் போக முடியவில்லை. சட்டம் உங்கள் கையில் இல்லை என்பது புரிகிறது. ஆயினும் வெளிநாட்டுத் துணையோடு ஓர் ஜோடி உருவாகும் முதல் நாளே நான்கு ஆண்டு நாள்காட்டியை விரித்து வைப்பது உங்களால் முடியும். எதிர்த்திசையில் போனவரையும் மறக்க வேண்டாம். டியானா ஸ்டெல்லாட்டோ-டூடெக் உங்கள் ஊர்ப் பெண். நேதன் பார்த்தலமேயோடு உங்கள் தேசியப் போட்டியில் வெண்கலம் எடுத்தவர். 2024-இல் மான்ட்ரியாலில், 40 வயதில், கனடாவுக்காக உலகச் சாம்பியன் ஆனார்.

தேர்வைப் பற்றி. 2022 ஜனவரியில் ஃப்ரேசியருக்குக் கோவிட் வந்து, தேசியப் போட்டியில் அந்த ஜோடியால் ஆட முடியவில்லை. ஆனாலும் அதுவரையிலான ஆட்டத்தைப் பார்த்து ஒலிம்பிக் அணியில் சேர்த்தீர்கள். இரண்டே மாதத்தில் மான்ட்பெலியேவில் அவர்கள் உலகச் சாம்பியன். 1979-இல் டாய் பாபிலோனியா, ராண்டி கார்ட்னர் வென்ற பிறகு அமெரிக்காவுக்குக் கிடைத்த முதல் ஜோடிப் பட்டம். ரஷ்யர்களும் சீனர்களும் அங்கே இல்லை என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இரண்டாம் இடத்தை 20-க்கும் மேற்பட்ட புள்ளிகளால் பின்தள்ளியவர்களை அந்த ஒரு காரணம் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. ஒரே இரவின் முடிவை விடப் பருவம் முழுவதன் நிலைத்தன்மைக்கு மதிப்பு கொடுத்த அந்தத் தேர்வு சரியானது. அதை எழுத்தில் வையுங்கள். பருவம் முழுக்க இணைத் தாவல்களில் எத்தனை இருவராலும் சுத்தமாக இறங்கின என்ற எண் தேர்வுக் குழுவின் மேசையில் இருக்கட்டும்.

அதற்கு உள்நாட்டுப் போட்டிகளில் கண்டிப்பும் வேண்டும். தேசியப் போட்டியில் கால் சுற்றுக் குறைவை மென்மையாகப் பார்த்துவிட்டு, அதே தாவலுக்கு மார்ச்சில் நடக்கும் உலகப் போட்டியில் சுற்றுக் குறைவைக் காட்டும் குறியீடு விழும்போது அதிர்ச்சி அடைவதில் பயனில்லை. ஜனவரியில் கைதட்டல் குறைந்தாலும் பரவாயில்லை, மார்ச்சில் கிடைக்கப்போவது அப்போதே தெரியட்டும்.

பயிற்சி முறையிலும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. கால் புத்துணர்ச்சியோடு இருக்கும் காலை வேளையில் தனியாகத் தாவி இறங்குவதை எண்ணாதீர்கள். முழு இசையோடு, ட்விஸ்ட்டும் லிஃப்ட்டும் முடிந்து மூச்சு வாங்கும்போது இறங்கியதை மட்டும் எண்ணுங்கள். ஆணுக்கு இது இன்னும் கடினம். தலைக்கு மேல் ஒரு ஆளைத் தூக்கிச் சுழற்றிய தோளோடு அவர் அடுத்துத் தாவ வேண்டும். ஜோடிக்கு வரும் ஆண்களைத் தேர்ந்தெடுக்கும்போது உயரத்தையும் பலத்தையும் முதலில் பார்ப்பது இயல்பு. ட்ரிபிள் தாவல் கைவசம் இருக்கிறதா என்பதையும் அதே தட்டில் வைத்துப் பாருங்கள். தூக்குவதைப் பதினெட்டில்கூடக் கற்றுக்கொள்ளலாம். தாவலை அந்த வயதில் புதிதாகக் கட்டுவது மிகக் கடினம்.

எழுதவே கை தயங்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜனவரி 29 அன்று விச்சிட்டாவிலிருந்து வந்த விமானம் வாஷிங்டன் அருகே விழுந்தபோது, பயிற்சி முகாம் முடித்துத் திரும்பிய இளம் ஸ்கேட்டர்களும் அவர்கள் குடும்பத்தினரும் பயிற்சியாளர்களும் போய்விட்டார்கள். பாஸ்டனில் கற்பித்துவந்த யெவ்கேனியா ஷிஷ்கோவாவும் வாதிம் நாமோவும் அவர்களில் இருந்தார்கள். 1994-இன் ஜோடி உலகச் சாம்பியன்கள். ஜோடி ஸ்கேட்டிங்கை உடம்பால் அறிந்த ஆசிரியர்கள் எந்த நாட்டிலும் ஏராளமாக இல்லை. இருப்பவர்களையும், ஓய்வு பெற்றுப் பயிற்சிக்கு வரும் உங்கள் சொந்த ஜோடிகளையும் நல்ல சம்பளத்தோடு தக்கவைத்துக்கொள்ளுங்கள்.

ஜோடிப் பிரிவு அமெரிக்காவுக்கு ஓர் ஓரத்து விஷயம் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது இன்னும் நினைத்தால், எல்லாப் பிரிவுகளின் புள்ளிகளையும் நாடு வாரியாகக் கூட்டும் மிலான் ஒலிம்பிக் அணிப்போட்டியைக் காட்டுங்கள். அங்கே ஒவ்வொரு பிரிவிலும் ஓர் இடம் முன்னேறினால் ஒரு புள்ளி. அமெரிக்கா ஜப்பானை முந்தித் தங்கம் எடுத்தது ஒரே ஒரு புள்ளியில். ஜோடிப் பிரிவின் இரண்டு ஆட்டங்களையும் ஆடியவர்கள் காமும் ஓஷேயும். அவர்கள் ஓரிடம் கீழே இறங்கியிருந்தாலே அந்தப் பதக்கத்தின் கதை வேறாகியிருக்கும்.

ஒலிம்பிக்கில் தனி ஜோடிப் பதக்கமோ, 1988 கால்கரியில் ஜில் வாட்சன், பீட்டர் ஒப்பெகார்ட் வாங்கிய வெண்கலத்துக்குப் பிறகு உங்களுக்கு இல்லை. தங்கம் ஒருபோதும் வந்ததில்லை. அடுத்த வாய்ப்பு 2030-இல், பிரெஞ்சு ஆல்ப்ஸில். அந்த மேடையில் நிற்கப்போகும் ஜோடி இப்போதே உங்களிடம் இருக்க வாய்ப்புண்டு, அல்லது அடுத்த ஓராண்டுக்குள் சேர வேண்டும். பருவத்துக்கு முன் நீங்கள் நடத்தும் பயிற்சி முகாமான சாம்ப்ஸ் கேம்ப்பில், வரும் முறை ஒவ்வொரு ஜோடியையும் முழு இசையோடு ஆடச் சொல்லி, இறங்கிய இணைத் தாவல்களை எண்ணத் தொடங்குங்கள். அந்த எண்ணை ஜோடிகளிடமும் மறைக்காமல் கொடுங்கள். 95-ஐத் தொடாத தாவலுக்குப் பதிலாக எளிய ட்ரிபிளைப் போட்டு அந்தப் பருவத்தை ஆடட்டும், கடினமானது கைக்கு வந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் ஜோடிகளுக்காக விடிய விடியக் கண்விழிக்கும் ஒரு தமிழ் ரசிகன்