பஞ்சியால் வந்த இரத்தமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு பதிப்பின் ஆரோக்கியப் பக்கத்தை வெட்டி எடுத்துக் கொப்பியில் ஒட்டி வைப்பது என் பழக்கம். கடந்த வாரப் பக்கத்தையும் வெட்டி வைத்திருக்கிறேன், காரணம்தான் வேறு. "பல்முரசில் இரத்தம் கசிவது பல் தேய்க்கப் பஞ்சிப்படுகிறவர்களுக்கு வரும் வருத்தம்" என்று அதில் ஒரு வரி. அதற்குக் கீழே, வேப்பங்குச்சியால் முரசை அழுத்தித் தேய்த்தால் ஒரு கிழமையில் நின்றுவிடும் என்று வைத்தியமும் சொல்லியிருந்தார்கள். எழுதியவரின் பெயர் இல்லை. இருந்திருந்தால் உங்களைச் சிரமப்படுத்தாமல் அவருக்கே எழுதியிருப்பேன்.

எனக்குப் பல் தேய்க்கப் பஞ்சியில்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் பற்பசைக்கு வழியில்லாத நாட்களில் அடுப்புச் சாம்பலும் சுட்டுவிரலுமாகக் காலையும் இரவும் தேய்த்தவள் நான். அப்போது ஒரு துளி இரத்தம் வரவில்லை. விசுவமட்டுக்குத் திரும்பி, வீட்டுக்குக் கூரை போட்டு, மெத்தென்ற பிறசும் நல்ல பற்பசையும் வாங்கக் கையில் காசு வந்த பிறகுதான் வந்தது.

எனக்கிருப்பது நாட்பட்ட மைலொயிட் லூக்கேமியா. இரத்தப் புற்றுநோயில் ஆறுதலாக நடக்கிற வகை என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு 400 மில்லிகிராம் இமற்றினிப் குளிசை. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. அது வந்திராவிட்டால் இந்தக் கடிதமும் உங்களுக்கு வந்திராது. ஆனால் கெட்ட கலங்களை அடக்கப் போகிற இந்தக் குளிசை தொடக்க மாதங்களில் நல்லவற்றையும் சேர்த்து அடக்கிவிடும். இரத்தத்தை உறைய வைக்கிற பிளேற்லெற் சாதாரணமாக 150,000க்கும் 450,000க்கும் இடையில் இருக்க வேண்டும். எனக்கு 38,000. காலையில் எழும்பினால் தலையணை உறையில் வெற்றிலை துப்பினது போலக் கறை. (வெற்றிலையை நான் அதற்கு முதலே விட்டுவிட்டேன், அதையும் சொல்லி வைக்கிறேன்.) டொக்டர் குளிசையை நிறுத்தி, எண்ணிக்கை ஏறிய பிறகு திரும்பத் தொடங்கினார். முரசு தானாக அடங்கியது. அந்த நாட்களில் உங்கள் வேப்பங்குச்சியை எடுத்து அழுத்தியிருந்தால் இரத்தமும் நின்றிராது, கிருமியை எதிர்க்கிற வெள்ளைக் கலங்களும் குறைந்திருந்த உடம்பில் அந்தப் புண் கிருமிக்குக் கதவு திறந்துவிட்டிருக்கும்.

பலருக்குப் பல்லில் படிகிற ஊத்தைதான் காரணம், ஒத்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் அதுதான் என்று யார் சொன்னது? அந்தப் பக்கம் வந்த அன்று சங்கக்கடை வாசலில் ஒருவர், "என்ன அக்கா, பேப்பர் பாத்தனீங்களோ?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பல் தெரியாமல்.

உங்கள் பத்திரிகை இரத்தப் புற்றுநோய் உள்ள எங்களைப் பற்றி எழுதுவது இது முதல் தடவையுமல்ல. "உயிர்க்கொல்லி நோய்" என்று நீங்கள் தலைப்புப் போட்ட அடுத்த நாளே என் வீட்டுக்கு வந்த சொந்தக்காரி தேத்தண்ணீர் வேண்டாம் என்றாள். தொற்றுமாம். இது தொற்றுகிற வருத்தமில்லை என்று அப்போதே உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். இடமில்லாமல் போயிருக்கும். அந்த வாரம் சோதிடம் மட்டும் ஒன்றரைப் பக்கம். நான் நிலக்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறேன், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றி இறக்குகிறேன். அதற்கெல்லாம் தலைப்புக் கிடைக்காது. குளிசையால் என் மேலண்ணம் கருநீலமாகிப் போனது. பல் காட்டப் போன இடத்தில் "நாவற்பழம் சாப்பிட்டனீங்களோ" என்று கேட்டார்கள்.

பல் காட்டிய கதை தங்களுக்குப் புதிதாக இராது, வன்னிச் செய்தி போடுகிறவர்கள்தானே. கடைவாயில் ஒரு சூத்தைப்பல். நோயின் பெயரைச் சொன்னதும் கதிரையில் இருத்தவே இல்லை. "இஞ்ச செய்ய ஏலாது, உங்கட டொக்டரிட்டக் கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ." கடிதம் கேட்டது பிழையில்லை. பல் பிடுங்க முதல் பிளேற்லெற் 50,000க்கு மேலே இருக்கிறதா, வெள்ளைக் கலங்கள் போதுமா என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மூன்று நாளுக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனை என் கிளினிக் கொப்பியில் இருந்தது, 160,000 என்று. கொப்பியை நீட்டினேன், வாங்கிப் பார்க்கவில்லை. விடிய முதல் பஸ்ஸில் பரந்தனுக்கு வந்து, ஏ-9 வீதியில் யாழ்ப்பாணப் பஸ் பிடித்து என் கிளினிக்குக்குப் போனால், எந்தப் பல், என்ன செய்யப் போகிறார்கள் என்று பல் டொக்டர் எழுதித் தர வேண்டும் என்றார்கள். இப்படி இரண்டு தரம். எனக்குத் தபால்காரி வேலைக்குச் சம்பளம்தான் தரவில்லை. கடைசியில் வேறோர் இடத்தில் ஓர் இளம் பல் டொக்டர் கொப்பியைப் புரட்டினார், கிளினிக்குக்கு ஒரு போன் எடுத்தார், பிடுங்கினார். ஒரு தையல், இரத்தம் கட்டும் மருந்தில் நனைத்த பஞ்சு. நோவுக்குப் பனடோல் மட்டும், அஸ்பிரினும் புறூபனும் தொடவே கூடாது என்று எழுதியும் தந்தார். அரை மணித்தியால வேலை. அதற்கு நான் அலைந்தது ஏழு கிழமை.

இதற்குள் உங்களுடைய ஒரு வரி எங்கே வருகிறது என்று கேட்கலாம். முரசு கசிகிறது என்று சொல்லக் கூச்சப்பட்டு நான் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தக் கூச்சத்தைத்தான் நீங்கள் அச்சடித்து விற்றிருக்கிறீர்கள்.

நான் கேட்பது நாலு வரி. தேய்த்தும் நிற்காமல் இரண்டு கிழமைக்கு மேல் முரசு கசிந்தால் குச்சி தேடாமல் ஓர் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிப் போடுங்கள். லூக்கேமியாவுக்கு மருந்து குடிக்கிறவர்கள் பல் டொக்டரின் கதிரையில் இருக்க முதலே கொப்பியைக் காட்ட வேண்டும் என்றும் போடுங்கள். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வேண்டும். மரண அறிவித்தல் பக்கத்து மூலையில் வேண்டாம்.

கடிதம் நீளம் என்றால் சொந்தக்காரியையும் சோதிடத்தையும் வெட்டுங்கள். 50,000 என்ற எண்ணில் ஒரு பூச்சியம் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
விசுவமடு.