சோயா பவுடரும் பாப்பாவும்

அன்பு மகள் கயலுக்கு,

"தாய்ப்பாலுக்குப் பதில் சோயா பவுடரைக் கொடுத்துப் பாப்பா உடம்பைக் கெடுக்கிறேனா அம்மா?" என்று நேற்று போனில் அழுதாய். அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. எழுதி அனுப்பினால் பயம் வரும்போதெல்லாம் எடுத்துப் படிப்பாய்.

உன் பயம் வெறும் பயமல்ல. சோயாவில் இருக்கும் ஜெனிஸ்டீன், உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் போய் ஒட்டும் இடத்திலேயே ஒட்டக்கூடியது, வலுதான் குறைவு. நீ இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவில், 1940களில், குளோவர் தீவனம் மேய்ந்த செம்மறி ஆடுகள் சினை பிடிக்காமல் போனதற்கு இந்த வகைப் பொருள்களே காரணம்.

ஆய்வகத்தில் எலியின் பால்சுரப்பியைக் கண்ணாடித் தகட்டில் விரித்துக் கார்மைன் சாயம் ஏற்றுவேன். இலையுதிர்ந்த மரம்போல் சிவப்புக் கிளைகள் தெரியும். இளம் எலியில் கிளை நுனிதோறும் குண்டு குண்டாக மொட்டுகள் இருக்கும். புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனம் முதலில் பிடிப்பது அவற்றைத்தான். அமெரிக்காவின் அலபாமாவில் கோரல் லாமார்ட்டினியர் குழுவினர் பிறந்த சில நாள் குட்டிகளுக்கு ஜெனிஸ்டீன் கொடுத்தார்கள். மொட்டுகள் சீக்கிரம் முதிர்ந்தன, பிற்பாடு அந்த ரசாயனத்தைக் கொடுத்தபோது புற்றுக் கட்டிகள் குறைந்தன. வேறொரு குழு குட்டிகள் தாய் வயிற்றில் இருக்கும்போது கொடுத்தது. அங்கே கட்டிகள் கூடின. பொருள் ஒன்றுதான், கொடுத்த பருவம் வேறு. நீ படித்தது இந்த இரண்டாவதை மட்டும்.

சோயா குடிக்கும் குழந்தையின் ரத்தத்தில் இந்தப் பொருள்கள் அதன் சொந்த ஈஸ்ட்ரோஜனைவிட 13,000 முதல் 22,000 மடங்கு என்று 1997இல் அளந்தார்கள். உன்னைக் கலங்கடித்த எண் அதுதானே? அதில் பெரும்பகுதி வேலை செய்யாத வடிவத்தில் கட்டுண்டு சுற்றுகிறது. குழந்தையாக இருந்தபோது சோயாவோ பசும்பால் பவுடரோ குடித்து வளர்ந்த 811 பேரை இருபது வயதுக்குமேல் ஒப்பிட்டுப் பார்த்து 2001இல் வெளியிட்டார்கள். சோயா குடித்த பெண்களுக்கு மாதவிலக்கு சற்றே நீண்டது, வலியும் கொஞ்சம் கூடுதல். மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாம் வயதில் பாப்பாவின் மார்பில் சிறு திரட்சி தட்டுப்பட்டால் டாக்டரிடம் காட்டு. சோயா குடித்த சில பெண் குழந்தைகளுக்கு அப்படி இருந்திருக்கிறது.

நீ விரும்பியா பவுடருக்குப் போனாய்? பாப்பாவுக்குக் கேலக்டோசீமியா, பாலின் சர்க்கரையை உடம்பால் பயன்படுத்த முடியாத பிறவி நோய். உன் பாலில் உள்ள சர்க்கரையே அவள் கல்லீரலைக் கெடுத்துவிடும். டாக்டர் மாற்றச் சொல்லும்வரை அந்த டப்பாவைக் குற்ற உணர்வோடு திறக்காதே.

இன்னொன்று. பிறந்தபோது பாப்பாவின் மார்பு வீங்கியிருந்ததாகச் சொன்னாய். வயிற்றில் இருந்தபோது உன்னிடமிருந்து போன ஹார்மோனால் வந்தது அது. தானே வடிந்துவிடும். பெரியவர்கள் யாராவது பாப்பாவின் மார்பிலிருந்து பாலைப் பிழிந்து எடுக்க வேண்டும் என்றால் தொடவிடாதே. உன் இடது மார்பில் உள்ள தழும்பு, உன் பாட்டி அப்படிப் பிழிந்து, சீழ் கட்டி, அறுத்த இடம். நான் பக்கத்தில் நின்றேன். தடுக்கவில்லை.

அம்மா