மன்ரேசா சமையலறைக்கு ஒரு நன்றி மடல்

அன்பு உறவுகளே,

மன்ரேசாவில் முப்பது நாள் தியானத்துக்குப் போன நம் ஆள் ஒருவர் சாப்பாட்டைக் குறைத்து, தூக்கம் கெட்டு, மருத்துவமனைவரை போனது உங்கள் எல்லாருக்கும் தெரியும். போன் போட்டு விசாரிக்காதவர் இல்லை. ஆள் நலம், முப்பது நாள் தியானமும் முடிந்துவிட்டது. அதனால் அந்த இரண்டு ராத்திரிகளை மறுபடி கிளற வேண்டாம். நன்றி மட்டும் சொல்லிவிடுகிறோம்.

முதல் நன்றி, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் குகையை ஒட்டிய தியான இல்லத்தில் சமையல் பார்க்கும் அம்மாவுக்கு. பேர் போடக் கூடாது என்று கையை ஆட்டிவிட்டார், அதனால் போடவில்லை.

மன்ரேசா என்பது ஸ்பெயினில் கார்தனேர் ஆற்றங்கரையில் உள்ள ஓர் ஊர். டப்ளின் தொடங்கி எத்தனையோ இடங்களில் தியான இல்லங்களுக்கு இந்தப் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். கேட்டதும் நமக்கு நினைவு வருவது மௌனமும் செபமும். ஆனால் 1522 மார்ச்சில் மோன்செராத் மலையிலிருந்து இறங்கி, சில நாள் தங்கலாம் என்று வந்த இஞ்ஞாசியாரை அந்த ஊர் பத்து மாதத்துக்கு மேல் தாங்கியது. பிச்சை எடுத்துச் சாப்பிட்டார். தினம் ஏழு மணி நேரம் முழங்காலில் நின்றார். பாவ உறுத்தல் முற்றி ஒரு வாரம் எதையுமே தொடவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு கட்டளையிட்ட பிறகுதான் சாப்பிட்டார். பிறகு நோயில் விழுந்தபோது இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொண்டது ஊர்ப் பெண்கள். வயிற்று வலி மட்டும் கடைசிவரை விடவில்லை. அவர் எழுதிய ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் சாப்பாட்டுக்கென்றே எட்டு விதிகள் இருப்பது சும்மா இல்லை.

அந்த நூலின்படி நடக்கும் முப்பது நாள் தியானம் எங்கே சறுக்கும் என்பது அதை நடத்துகிறவர்களுக்குத் தெரியும், பெரும்பாலும் முதல் வாரத்தில்தான். ஒரு நாளைக்கு ஐந்து செப வேளை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். அதில் ஒன்று நடுராத்திரியில். ஆர்வத்தில் வந்தவர் சாப்பாட்டைக் குறைப்பார். மூன்று நாள் உடம்பு லேசாக இருக்கும், செபமும் நன்றாக ஓடும். நான்காம் நாள் தூக்கம் போகும், பிறகு செபம் வறண்டுவிடும். வறட்சியை எதிர்த்து நில், செபத்தையும் தவத்தையும் கொஞ்சம் கூட்டு என்று நூலில் இருக்கிறதே! அவர் கூட்டுவார். பசியை ஆன்ம வறட்சி என்று எடுத்துக்கொள்வதால் வருகிற வினை இது. வழிநடத்தும் தந்தை அவரைப் பார்ப்பது நாளுக்கு அரைமணி நேரம், அதிலும் தியானம் செய்பவர் வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும். நம் ஊர்க்காரர்கள் “எல்லாம் நல்லாப் போகுது ஃபாதர்” என்று முடித்துவிடுவார்கள்.

தட்டு அப்படிப் பொய் சொல்லாது. அங்கே மௌனத்தில் ஆளுக்கு ஒரே நாற்காலி, முப்பது நாளும் மாறாது. அதனால் எந்தத் தட்டு யாருடையது என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். கறியை ஒதுக்கினால் அவர் கவலைப்படவில்லை, தவமாக இருக்கும் என்று விட்டுவிட்டார். ரொட்டி அப்படியே திரும்பி வந்த மூன்றாம் வேளை, தந்தையிடம் போய் ஒரே வரி சொல்லியிருக்கிறார்: “அந்த ஜன்னலோரத்து நாற்காலி ரொட்டியைத் தொடவில்லை.” அவருக்கு நூல் தெரியுமோ என்னவோ. உணவு பற்றிய முதல் விதியே அதுதான்: ரொட்டியில் அவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை. தந்தை அன்று செபத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எத்தனை மணி நேரம் தூங்கினாய், கடைசியாக என்ன சாப்பிட்டாய் என்றார். மற்றது உங்களுக்குத் தெரியும்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய இரவு அந்த அம்மா கொண்டுவந்து வைத்தது ‘சோபா தெ ஃபரிகோலா’. மன்ரேசா இருக்கும் கத்தலூனியா பகுதியில் ஏழை வீட்டுச் சூப். நான்கு பேருக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு கைப்பிடி காய்ந்த தைம் செடி. கொதித்து ஐந்து நிமிடத்தில் இறக்கி மூடி வைக்க வேண்டும், விட்டால் கசந்துவிடும். நேற்றைய ரொட்டியைச் சுட்டு, பூண்டு தேய்த்து, கிண்ணத்தில் போட்டு அதன்மேல் வடிகட்டி ஊற்றுவார்கள். உப்பு, கொஞ்சம் ஒலிவ எண்ணெய். ஒரு முட்டையை உடைத்துவிட்டால் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். மூடியைத் திறந்ததும் அசல் ஓமத்தண்ணி வாசம். தைமிலும் ஓமத்திலும் இருப்பது ஒரே தைமால்தான். கிண்ணம் காலியாகத் திரும்பியதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த அம்மா வீட்டுக்குப் போனார்.

ஆம்புலன்ஸில் கூடவே வந்த காவலாளி, ராத்திரி முழுக்க மொழிபெயர்த்த அருட்சகோதரி, டிக்கெட் தேதியை மாற்றித் தந்தவர்கள், பணம் அனுப்பியவர்கள், ஊரில் செபமாலை சொன்ன அன்பியங்கள் (பங்கின் சிறு குழுக்கள்), எல்லாருக்கும் கோடி நன்றி. தனித்தனியாக எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி நாங்கள் ஏற்பாடு செய்யும் தியானங்களில் முதல் நாள் கூட்டத்தில் சமையல்காரர்களும் உட்காருவார்கள். நாற்காலி மாறாது. திரும்பி வரும் தட்டைப் பார்க்காமல் கழுவப் போடுவதில்லை. நடுராத்திரி செபம், தந்தை தூக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான். அடுத்த வேளைக்கு எவ்வளவு சாப்பாடு என்பதைப் பசி அடங்கிய நேரத்தில் தீர்மானி என்று இஞ்ஞாசியார் சொன்னதை, சாப்பாட்டு அறைச் சுவரில் எழுதி ஒட்டப்போகிறோம்.

கிளம்பும்போது அந்த அம்மா தைம் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அது தீர்ந்தால் ஓமம் இருக்கிறது.

நன்றியுடன்,
தியானக் குழுவினர்