ஜல்லிக்கு மேல் ஒரு பூச்சு

அன்புள்ள சுப்பு,

உன் கடிதமும் பேத்தியின் காதுகுத்துப் படங்களும் வந்தன. அப்படியே உன் அம்மாவின் சாயல்! எனக்கு முழங்கால் வலிதான் இன்னும் விடவில்லை.

உங்கள் பஞ்சாயத்தில் பிளாஸ்டிக் கலந்து தார் ரோடு போடப்போகிறார்களாமே, வெயிலில் இளகி ஓடிவிடாதா என்று கேட்டிருந்தாய். ஓடாது, தைரியமாகப் போடச் சொல். நம் மதுரையில் பிறந்த முறை இது. தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வாசுதேவன் கண்டுபிடித்தார். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

பிளாஸ்டிக்கைத் தாரில் போட்டுக் காய்ச்சுவதாகப் பலரும் நினைக்கிறார்கள். இந்த முறையில் பிளாஸ்டிக் சேருவது ஜல்லியோடு. ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, பொடிசாக வெட்டிய பால் கவர், கேரி பேக் துண்டுகளை அதில் தூவுவார்கள். ஒரு நிமிஷத்துக்குள் அது இளகி, எண்ணெய் தடவியது மாதிரி ஒவ்வொரு கல்லிலும் படிந்து பளபளக்கும். அப்புறம்தான் தார். மழைக்காலத்தில் குழி விழுவதே கல்லுக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்து பிரித்துவிடுவதால்தானே? இந்தப் பூச்சு அதைத் தடுக்கிறது, தாரையும் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. ஒற்றை வழி ரோடு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் போகும், ஏறக்குறைய அதே அளவு தார் மிச்சமாகும்.

நீ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது குப்பை பிரிக்கிற இடத்தை. பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் வகை துளிகூடச் சேரக்கூடாது. பைப் துண்டு கண்ணில் பட்டுவிடும். கிழித்துப்போட்ட ஃபிளெக்ஸ் பேனரும் பி.வி.சி.தான், அதுதான் கேரி பேக்கோடு கலந்து வந்துவிடும். சூட்டில் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். ஜல்லியும் தாரும் கலக்கிற பிளாண்டில் நிற்கிறவர்கள்தான் அதைச் சுவாசிக்க வேண்டும். பிரிக்கிற பெண்களுக்குக் கையுறை, உட்கார நிழல், ஒழுங்கான கூலி, மூன்றையும் தீர்மானத்திலேயே எழுதி வாங்கிவிடு. கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதே.

இன்னொன்று. ரோட்டுக்கு ஆகும் என்று சொல்லி யாராவது கேரி பேக்குக்குப் பரிந்து பேசினால் விடாதே. 2019 ஜனவரி முதல் இங்கே அதற்குத் தடை. கண்மாயிலும் வாய்க்காலிலும் ஏற்கெனவே குவிந்து கிடப்பதே நம் ரோடுகளுக்குத் தாராளம்.

வேலை தொடங்கும் தேதி தெரிந்ததும் போன் பண்ணு. ஜல்லியில் பிளாஸ்டிக் தூவும்போது நானும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமலிங்கம்